மெயின் தூக்கும் நல்ல நேரம்

1

இதைப் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மடிக்கணினிக்கு இன்று விடுமுறை. மூடியின் மேல் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். பக்கத்தில் ஒரு தட்டில் பொரி, பொட்டுக்கடலை, வாழைப்பழம். தெற்கு ஜெர்மனியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஆயுத பூஜை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பூசணிக்காய்க்கு இந்த மாதத்தில் இங்கே பஞ்சமே கிடையாது. இவர்களுடைய பேய்த் திருவிழாவுக்காக வீட்டுக்கு வீடு கண்ணும் பல்லும் வெட்டி வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குக் குங்குமம் தடவித் தெருவில் போட்டு உடைத்தால் கீழ் வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிடுவார். அதனால் எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

"அதான் ஆஃப் பண்ணிட்டியே, அப்புறம் பொட்டு எதுக்கு?" என்றாள் என் மகள் இனியா. ஒன்பதாம் வகுப்பு. தமிழில் கேட்டாள் என்பதற்காகவே அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் நான் தமிழில் கேட்பதும் அவள் ஜெர்மனில் பதில் சொல்வதுமாகத்தான் வீடு ஓடுகிறது.

"வருஷம் பூரா நமக்கு உழைக்குது இல்ல? ஒரு நாள் அதுக்கு நாம மரியாதை பண்றோம்."

"போன வருஷம் ஒரகடத்துல இந்தப் பொட்டாலதானே அவ்வளவு பிரச்சினை?"

"பொட்டால இல்லடி," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

அந்தக் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். சரியாக ஒரு வருஷம் ஆகிறது. கணினியைத் திறக்க முடியாத நாளில்தான் எனக்கு எழுத நேரமும் கிடைக்கிறது.

2

நான் சேரப்பணஞ்சேரிக்காரி, பெயர் மஞ்சுளா. ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி செய்யும் தொழிற்சாலை ஒன்று ஓஹோவென்று ஓடிய காலத்தில் அதன் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். விடியும் முன்பே படப்பையில் கம்பெனி பஸ், தலையில் நீல வலைத்தொப்பி, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கக் கையில் கட்டிக்கொள்ள ஒரு கம்பிப் பட்டை. மூன்று ஷிப்டும் இடைவிடாமல் ஓடும் அந்தக் கொட்டகையில் ஆயுத பூஜை அன்று மட்டும்தான் இயந்திரங்கள் நிற்கும். அன்றைக்குத்தான் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கும். எல்லோரும் ஈரத்துணியும் சந்தனக் கிண்ணமுமாக அலைவோம். திருநெல்வேலிப் பையன்கள் தோரணம் கட்டுவார்கள். அந்தோணி என்கிற லைன் லீடர்தான் எல்லா வருஷமும் கற்பூரம் ஏற்றுவார். அவரை விட்டால் தீப்பெட்டி வைத்திருப்பவர் எங்கள் பிரிவில் வேறு யாரும் இல்லை.

பிறகு அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. எனக்குக் கல்யாணம் ஆனது. கணவரின் வேலையோடு நானும் ஜெர்மனிக்கு வந்தேன். என் பட்டத்தை இந்த நாடு ஏற்றுக்கொள்ளச் சில வருஷங்கள் பிடித்தன. அதுவரை வீட்டில் சும்மா இருக்க முடியாமல், திறந்த மூல இயங்குதளம் ஒன்றின் தன்னார்வலர் குழுவில் போய்ச் சேர்ந்தேன்.

இயங்குதளம் என்றால் கணினிக்கு உயிர் கொடுக்கும் அடிப்படை மென்பொருள். திறந்த மூலம் என்றால் அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கலாம், திருத்தலாம், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். எங்களுடையதை உலகத்தில் எங்கெங்கோ, முன்பின் தெரியாதவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் ஏதாவது ஓட்டை தெரிந்தால் அடைப்பதற்கு நாங்கள் வெளியிடுவதுதான் பேட்ச். வாலாஜாபாத் சாலையில் பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பார்த்து ஒரு துண்டு ரப்பரை ஒட்டுவாரே, அதே வேலைதான். குமிழியைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. திருடன் நுழையக்கூடிய ஓட்டை என்றால் 'பாதுகாப்பு' என்று தலைப்பிடுவோம். யாரும் தொடாமலேயே இயந்திரம் படுத்துவிடும் என்றால் 'நம்பகத்தன்மை' என்று தலைப்பிடுவோம். ஏற்கெனவே வெளியான பதிப்புகளுக்கு இப்படிப் பேட்ச் வெளியிடும் சிறு குழுவில் நானும் ஒருத்தி.

இப்போது எனக்குச் சம்பளம் தருவது மின்தூக்கி செய்யும் ஒரு நிறுவனம். பேட்ச் வேலைக்குச் சம்பளம் கிடையாது. குடியுரிமைக்காகப் போனபோது அலுவலகத்து அம்மாள் வேறென்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். இதைச் சொன்னேன். ஜெர்மனிலும் நம்மைப் போல நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. பெருமையில் வாய் குளறி அந்த அம்மாளை 'நீ' என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. "யார் பணம் கொடுக்கிறார்கள்?" என்றார். யாரும் இல்லை என்றேன். "அப்படியானால் பொழுதுபோக்கு," என்று தட்டெழுதிக்கொண்டார். அவர் மேசைக் கணினியைக் காவல் காக்கும் பெட்டியிலேயே எங்கள் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. வீட்டுக்கு வந்து தமிழில் திட்டித் தீர்த்தேன்.

3

குழுவின் அஞ்சல் பட்டியலுக்குத் தினமும் பிழை அறிக்கைகள் வரும். பிரேசிலிலிருந்து வரும், போலந்திலிருந்து வரும். போன வருஷம் விஜயதசமி கழிந்த வாரத்தில் ஒரு காலை, தேநீரோடு உட்கார்ந்து அவற்றைத் திறந்தேன். ஒன்றின் தலைப்பில் 'ஒரகடம்' என்று இருந்தது.

தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனையோ வருஷமாக எங்கெங்கிருந்தோ வந்த அறிக்கைகளைப் படிக்கிறேன். என் ஊர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் நாலைந்து நிறுத்தம் தள்ளி இருக்கும் ஊரிலிருந்து ஒன்று வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

எழுதியிருந்த பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கம். கார் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தப் பொறியாளர். உற்பத்தி லைனில் ஸ்டேஷன் என்று சொல்லும் ஒவ்வொரு வேலை இடத்திலும் ஒரு சிறிய கணினி இருக்கிறது. எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்கினார்கள் என்று அதுதான் பதிவு செய்யும். அது எழுந்திருக்காவிட்டால் லைன் ஓடாது. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்தார்கள், துடைத்தார்கள், பொட்டு வைத்தார்கள். விடுமுறை முடிந்து மெயின் ஸ்விட்சைத் தூக்கியபோது பல கணினிகள் கறுப்புத் திரையோடு அப்படியே நின்றுவிட்டன. தனித்தனியாக அணைத்துப் போட்டதும் எழுந்துகொண்டன. உள்ளே தகவலைச் சேமிக்கும் தட்டுத்தான் பழுது என்று ஸ்டெல்லா தன் ஊகத்தையும் நீளமாக எழுதியிருந்தாள். அது தவறான ஊகம். ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதியிருந்தாள், பூஜை உள்பட.

எங்கள் குழுவின் யோஹான் ஸ்வீடன்காரர், நல்ல மனிதர், கெட்டிக்காரர். அவர் இரண்டே வரியில் பதில் போட்டிருந்தார். ஒரு தொழிற்சாலையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யார் அணைப்பார்கள்? இது மின்சாரக் கோளாறாக இருக்கும், எங்கள் பிழை இல்லை. இப்படிச் சொல்லி அறிக்கையை மூடிவிட்டார்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் வரும். யார் அணைப்பார்களா? நாங்கள் அணைப்போம். எங்கள் ஊரில் ரைஸ் மில்லிலிருந்து லாரி வரைக்கும் வருஷத்தில் ஒரு நாள் நிறுத்திவைத்துப் பொட்டு வைப்போம். ஒரு நாள் அணைத்துப் போட்டால் எழுந்திருக்கத் தெரியாத மென்பொருளை எழுதிவிட்டு மின்சாரத்தின் மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்? இதையே கொஞ்சம் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதி, அறிக்கையை மறுபடி திறந்துவைத்தேன். ஸ்டெல்லாவுக்குத் தனியாக ஒரு வரி தமிழில் எழுதினேன்: நான் சேரப்பணஞ்சேரி, பேசணும்.

4

மதியம் என் அலுவலக உணவு இடைவேளையில் அழைத்தாள். குன்றத்தூரில் தோழிகளோடு வாடகை அறையில் இருக்கிறாளாம். பின்னால் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, நீங்க நெசமாவே சேரப்பணஞ்சேரியா? எங்க கம்பெனி பஸ்ஸு அந்த வழியாத்தான் தெனமும் போகுது!"

"பின்ன இன்னா, பொய்யா சொல்லிகினு இருக்கேன்? விஷயத்தச் சொல்லு," என்றேன். பேசத் தொடங்கியதும் என் வாயில் ஊர்த்தமிழ் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

விஷயம் பெரிதாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்ததில் தண்ணீர் உள்ளே போய்விட்டது, சந்தனம் வேறு சேர்ந்துகொண்டது, அதனால்தான் அரை ஷிப்ட் உற்பத்தி போயிற்று என்று மேலாளர் முடிவு கட்டியிருந்தார். பூஜைக்குத் துடைக்கும் வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்தவள் ஸ்டெல்லா.

"நான் துணிய நல்லா பிழிஞ்சுதான் துடைச்சேன்க்கா. அதுவும் மேல்மூடிய மட்டுந்தான். மறுபடி போட்டா எந்திரிக்குதே, தண்ணி போயிருந்தா எப்படி எந்திரிக்கும்னு கேட்டேன். அதுக்குள்ள காஞ்சிருக்கும்னு சொல்லுதாங்க. இதுக்கு என்னத்தச் சொல்ல?"

திங்கட்கிழமை விசாரணை. தன் கவனக்குறைவால் நடந்தது என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். போட்டாலும் அந்தக் கையெழுத்தோடு அந்தப் பகுதியில் வேறு எந்தத் தொழிற்சாலையும் அவளை இயந்திரத்தின் பக்கம் விடாது.

"மெயினைத் தூக்கினப்ப என்ன ஆச்சு? ஒண்ணொண்ணா போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க எலெக்ட்ரீசியன் முருகேசன் அண்ணன் வாலாஜாபாத்துக்காரர். 'நல்ல நேரம் போய்க்கினே கீது, எல்லாத்தையும் ஒரே தபா தூக்குங்கப்பா'ன்னு அவரே தூக்கிட்டாருக்கா. எல்லாரும் கை தட்டினோம்."

எனக்கும் கை தட்டிய ஞாபகம் வந்தது. எங்கள் தொழிற்சாலையிலும் அப்படித்தான். விதிப்படி பார்த்தால் ஒவ்வொரு பகுதியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஆனால் அன்று ஒரு நாள் மட்டும், நல்ல நேரம் முடிவதற்குள் எல்லாம் உயிர் பெற வேண்டும் என்று மொத்தமாகத் தூக்கிவிடுவார்கள். மேலிடத்துக்கும் தெரியும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

5

சனிக்கிழமை காலை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மெயினைத் தூக்கியதும் எங்கள் கொட்டகையில் எது முதலில் எழும்? விளக்கு. பிறகு மின்விசிறிகள். பிறகு கணினிகள். எல்லாக் கணினிகளையும் இணைக்கும் பெரிய பிணையப் பெட்டிதான் கடைசி. அதன் பச்சை விளக்கு எரியும் வரைக்கும் நாங்கள் பொரி தின்றுகொண்டு நிற்போம்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கணினி எழுந்ததும் முதல் வேலையாக, மணி என்ன என்று பிணையத்தில் கேட்கும். பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும். சாதாரண நாளில் பிணையப் பெட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், பதில் உடனே வந்துவிடும். பூஜை விடுமுறை முடிந்து மெயினைத் தூக்கும்போது மட்டும் கணினி முந்திக்கொண்டு கேட்கிறது, பெட்டி இன்னும் தூக்கத்தில் இருக்கிறது. கேள்வி போய்ச் சேரவே இல்லை. மறுபடி கேட்க வேண்டும் என்பதை எங்கள் நிரல் எங்காவது மறந்துவிடுகிறதா?

படித்துப் பார்த்தேன். சந்தேகப்படும்படி ஓர் இடம் இருந்தது. ஆனால் நிரூபிக்காமல் யோஹானிடம் போக முடியாது. அலமாரியிலிருந்து பழைய சிறு கணினிகள் மூன்றையும், தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்த ஒரு பழைய பிணையப் பெட்டியையும் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன். போர்டின் ஸ்விட்ச் ஒரு மூலையில், திரைகள் மறுமூலையில். இனியாவைக் கூப்பிட்டேன்.

"நான் சொல்றப்ப அணை, சொல்றப்ப போடு."

"இதுக்கு எனக்கு என்ன கிடைக்கும்?"

"பீட்சா."

போட்டாள், அணைத்தாள். மூன்றும் எழுந்தன. மறுபடி போட்டாள், அணைத்தாள். அவள் கால் விரலால் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தாள். ஜெர்மனில் ஏதோ முணுமுணுத்தாள். எனக்கே நம்பிக்கை போகத் தொடங்கியது. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிடுவாளோ என்று பயந்தேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

"அம்மா, நடுவுல இருக்கறது எழுந்துக்கல!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரை, ஓர் எழுத்துக்கூட இல்லை. மற்ற இரண்டும் பக்கத்தில் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தன. இங்கே ஈரத்துணியும் இல்லை, சந்தனமும் இல்லை. கணினி கேள்வி கேட்ட அதே நொடியில்தான் பிணையப் பெட்டி கண் விழித்திருக்கிறது. அந்தக் குழப்பத்தில் நிரல், மறுபடி கேட்பதற்காக வைத்திருந்த அலாரத்தை நிறுத்திவிட்டு, பதில் வரும் என்று சும்மா உட்கார்ந்துவிட்டது. இனியாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். அவள் விடுவித்துக்கொண்டு, இப்போது இரண்டு பீட்சா வேண்டும் என்றாள்.

6

திருத்தம் நான்கைந்து வரிதான். யோஹானுக்குத் தனியாக அனுப்பினேன். அவர் ஒரு மணி நேரத்தில் தன் வீட்டிலேயே அதைச் செய்து பார்த்துவிட்டு, அறிக்கையை மூடியது தன் தப்பு என்று பட்டியலில் எல்லோரும் பார்க்கும்படி எழுதினார். ஸ்டெல்லாவிடமும் மன்னிப்புக் கேட்டார். இந்தக் குழுவை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரிடமிருந்து தனி அஞ்சல் வந்தது. அதே இடத்தை அவர் மறுபடி படித்திருக்கிறார். வெளியாள் ஒருவன் வேண்டுமென்றே ஒரு தப்பான பதிலை அனுப்பினாலும் கணினி இதே மாதிரி உட்கார்ந்துவிடும், பூஜை நாள் வரவேண்டியதில்லை. அப்படியென்றால் இது நம்பகத்தன்மைப் பிழை மட்டுமல்ல, பாதுகாப்புப் பிழையும்கூட. பாதுகாப்புப் பிழைக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேட்ச் எல்லாப் பதிப்புகளுக்கும் தயாராகி வெளியாகும்வரை காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. முன்கூட்டித் தெரிந்தால் கெட்டவன் முந்திக்கொள்வான். ஆஸ்பத்திரிகளில்கூட எங்கள் மென்பொருள் ஓடுகிறது. எல்லாப் பதிப்புகளையும் சோதித்து முடிக்கப் புதன்கிழமை ஆகும்.

விசாரணை திங்கட்கிழமை.

இரண்டு நாள். அந்த இரண்டு நாளை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வேண்டிய பதில் முழுசாக என் கையில் இருக்கிறது, அதை அவள் மேலாளரிடம் சொல்ல விட முடியாது. பிழையைக் கொண்டுவந்தவளிடம் உண்மையைச் சொல்லலாம் என்பது வழக்கம். அதனால் அவளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "உன் வேலை உன் கையில. நீ சொன்னாலும் நான் உன்ன தப்பு சொல்ல மாட்டேன் ஸ்டெல்லா," என்றேன்.

"ஆஸ்பத்திரியிலயும் ஓடுதாக்கா?"

"ஓடுது."

"அப்ப வாயத் தொறக்க மாட்டேன். புதன்கெழமை வரைக்கும் அவங்க கத்தினா கத்தட்டும். எனக்கென்ன, காது ரெண்டு இருக்குல்லா."

திங்கட்கிழமை நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். மேலாளரும் ஒப்பந்த நிறுவனத்து மனிதவள அதிகாரியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்துப் போடு என்றார்கள். மாட்டேன் என்றாள். காரணம் என்ன என்றார்கள். "தண்ணி போகல சார். என்னன்னு புதன்கெழமை சொல்லுதேன்," என்றாள். இன்றைக்கே சொன்னால் என்ன என்று அதிகாரி மேசையைத் தட்டினார். "இன்னைக்குச் சொன்னா தப்பு சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். திமிர் என்று பேர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். முருகேசன் அண்ணன் வாசலில் நின்றிருந்தாராம். "இன்னாம்மா நீ, ஒரு கையெயுத்துதானே, போட்டுட்டு வர வேண்டியதுதானே?" என்று வருத்தப்பட்டாராம். அவரிடமும் சொல்லவில்லை.

அப்போது அவளை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் என் ஊர்ப் பக்கத்தில் ஓர் அலுவலக அறையில் ஒரு பெண் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. உலகத்தில் யார் யாருடைய கணினிகளோ அவளால் பத்திரமாக இருந்தன, அவர்களுக்கு அது தெரியப்போவதும் இல்லை.

7

புதன்கிழமை பேட்ச் வெளியானது. ஒவ்வொரு பேட்சின் அறிவிப்பிலும் ஒரு சிறு விளக்கமும், கண்டுபிடித்தவர் பெயரும் இருக்கும். ஊர்ப்பெயர் போடும் வழக்கம் கிடையாது. நான் 'ஸ்டெல்லா, ஒரகடம்' என்று எழுதியிருந்தேன். யோஹான் அதைப் பார்த்துவிட்டு, ஊர் எதற்கு என்று கேட்டார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யார் அணைப்பார்கள் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் என்று எழுதினேன். சிரிப்புக் குறி ஒன்று வந்தது, ஊர்ப்பெயர் அப்படியே இருந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் இல்லாத நேரத்தில், ஸ்டெல்லா எல்லாக் கணினிகளிலும் பேட்ச் போட்டாள். மேலாளர் முன்னால் மெயினை இறக்கி, மொத்தமாகத் தூக்கிக் காட்டினார்கள். அத்தனையும் எழுந்தன. மேலாளர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சரிம்மா, வேலையப் பாரு," என்றாராம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இதைச் சொல்லும்போது ஸ்டெல்லா வாய் நிறையச் சிரித்தாள். எனக்குத்தான் அந்த ஆளை இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு அடிக்கடி பேசுகிறோம். அந்த நிரலை எப்படிப் படிப்பது என்று ஏதாவது கேட்பாள், சொல்வேன். சில நாள் நான் சொல்வதோடு சண்டை போடுவாள், அதில் பாதி நாள் நான்தான் ஜெயிப்பேன். பள்ளியில் பெற்றோரின் வேலையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தபோது இனியா மின்தூக்கியைப் பற்றிப் பேசுவாள் என்றுதான் நினைத்தேன். ஒரகடத்து மெயின் ஸ்விட்சைப் பற்றிப் பேசியிருக்கிறாள். ஜெர்மனில்தான் பேசினாள். இருக்கட்டும், ஒரகடம் என்பதைச் சுத்தமாக உச்சரித்ததாக அவளே சொன்னாள்.

8

மேலே உள்ளதெல்லாம் ஆயுத பூஜை அன்று எழுதியது. இது மறுநாள். அங்கே பொழுது நன்றாக ஏறியிருக்கும். இங்கே இப்போதுதான் வெளிச்சம் வருகிறது.

இந்த வருஷம் அந்தத் தொழிற்சாலையில் விஜயதசமி அன்றே லைனைத் தொடங்குகிறார்கள். எதற்கு வம்பு என்று, மெயினை ஒரேயடியாகத் தூக்காமல் ஒவ்வொரு பகுதியாகத்தான் போட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஸ்டெல்லா மேலாளரின் அறைக்கே போய், பேட்ச் போட்ட பிறகு பயம் எதற்கு, வழக்கத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று வாதாடியிருக்கிறாள். ஒன்று நின்றாலும் நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். இதை முந்தாநாளே சொல்லியிருந்தாள். அதனால் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. விடியும் முன்பே எழுந்து கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். இனியாவும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அழைப்பு வந்தது. வீடியோ இல்லை, உள்ளே அனுமதி கிடையாது. முதலில் தேங்காய் உடையும் சத்தம். பிறகு முருகேசன் அண்ணன் குரல்: "நேரம் ஆயிடுச்சி. இந்த வாட்டி நீயே தூக்கும்மா."

பெரிய ஸ்விட்சைத் தூக்கும் சத்தம் கேட்டது. மின்விசிறிகள் சுழலத் தொடங்கின. கை தட்டினார்கள், பிறகு நிறுத்தினார்கள். கணினி ஒன்று 'பீப்' என்றது. இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி வரிசையாக. இனியா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஸ்டெல்லாவின் குரல் வெகு நேரம் கழித்துத்தான் வந்தது. "அக்கா... ஒண்ணு மட்டும் இன்னும் எந்திரிக்கல."

"எதுடி? எந்த ஸ்டேஷன்?"

"உங்க லேப்டாப்பு. இங்க எல்லாம் எந்திரிச்சாச்சு. நேத்து உங்க லிஸ்டுக்கு ஒரு மெயில் அனுப்பினேன், நீங்க பூஜை போட்டு மூடி வச்சிட்டீங்க. மொதல்ல அதத் தொறங்க."

திட்டிவிட்டுத் திறந்தேன். சந்தனம் காய்ந்து விரலில் உதிர்ந்தது. கணினி எழுந்தது, அஞ்சல் பட்டியலைத் திறந்தேன். ஒரகடத்திலிருந்து இரண்டாவது அஞ்சல். இந்த முறை புகார் இல்லை. ஸ்டெல்லா தானே எழுதிய பேட்ச், அவளுடைய முதல் பேட்ச். மணி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் கணினி இனிமேல் கறுப்புத் திரையோடு நிற்காது, 'பிணையத்துக்காகக் காத்திருக்கிறேன்' என்று ஒரு வரி காட்டும். அவ்வளவுதான்.

ஏன் இந்தத் திருத்தம் என்று பேட்சோடு காரணம் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை இனியா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, தமிழில் சொல்லிப் படித்தாள்: "இயந்திரம் எதுக்காக நிக்குதுன்னு அதுவே சொல்லிட்டா, துடைச்சவங்க மேல யாரும் பழி போட மாட்டாங்க."